மலாக்காவுக்கு வந்த மணப்பெண்ணும் அழைத்து வந்தவனும்

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மலாக்கா சுல்தான்கள் காலத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறார். சுல்தானுக்கு மணமுடிக்க வேறு நாட்டுப் பெண்ணைக் கப்பலில் அழைத்து வரும் பொறுப்பு ஒரு தளபதிக்கு. சொன்ன சொல் மாறாத ஆள். வழியில் இருவருக்கும் மனம் ஒட்டிவிடுகிறது. "இப்படி நிஜத்தில் நடந்திருக்குமா? ஹங் துவா, துன் தேஜா கதையை ஆதாரமாகச் சொல்லலாமா? இருவரும் ஓடிப்போவதாக முடித்தால் யாராவது நம்புவார்களா?" இதுதான் கேள்வி. ஹங் துவா மலாக்கா சுல்தானின் புகழ்பெற்ற வீரன், துன் தேஜா அவருக்காக அவன் அழைத்து வந்ததாகக் கதை சொல்லும் பெண். இரண்டு மனங்கள் ஒட்டுமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. எந்தக் காலத்திலும் அது நடக்கிற காரியம்தான். அந்த அரண்மனையில் அப்படி ஆசைப்பட்டால் அவன் எதை இழப்பான், அவள் எதை இழப்பாள் என்பதையே அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வியல் படித்து, பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஜாவி எழுத்தை நேராக வாசிப்பேன். ஜாவானிய, போர்த்துகீசிய, சீன மூலங்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்து நாடுகளைக் கட்டிவைப்பது இந்த வட்டாரத்தில் அன்றாட அரசியல். நமக்கும் அது புதிதல்ல. பெண் கேட்டு வரும் மன்னனும் கொடுக்க மறுக்கும் தகப்பனும் மோதிக்கொள்வதற்கு மகட்பாற்காஞ்சி என்று ஒரு துறையே வைத்து, புறநானூற்றில் வரிசையாகப் பாடிவைத்திருக்கிறார்கள். ராஜராஜ சோழன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியை மணந்தான். அந்த வழியில் பிறந்தவன்தான் 1070ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். ஒரு நாட்டைக் கைக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்த பெண்களின் வயிற்றில் பிறந்தவன், கொடுத்த நாட்டுக்கே அரசனாகிவிட்டான். 1025ல் கடாரத்தின் மேல் படையெடுத்த அதே சோழக் குடும்பம்தான் இது. பினாங்கிலிருந்து பாலம் தாண்டிப் போனால் மெர்போக்கில் அந்தக் கடாரத்தின் (இன்றைய கெடா) கோயில் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம்.

மலாக்காவும் இப்படித்தான் வளர்ந்தது. நகரம் போர்த்துகீசியர் கையில் விழுந்தது 1511ல். 1512 முதல் 1515 வரை அங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், கேட்டதையெல்லாம் எழுதிவைத்தார். மலாக்கா அரசர் முதிய வயதில் சுமத்ராவிலிருந்த பாசாய் நாட்டு மன்னரின் மகளை மணந்துதான் இஸ்லாத்துக்கு வந்தார் என்கிறார். வணிகர்களை இழுக்க வேண்டும், பாசாயோடு பகை கூடாது, மதம் ஒன்றாக வேண்டும். இந்த மூன்றும் அந்த ஒரு கல்யாணத்தில் முடிந்துவிட்டன. பெண் என்ன நினைத்தாள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்து, சந்தேகத்துக்கு உரியவை. உங்கள் கதாநாயகி சீன இளவரசி என்றால் ஹங் லி போ ஞாபகம் வரும். சுல்தான் மன்சூர் ஷாவுக்குச் சீனப் பேரரசர் மகளை அனுப்பினார், கூட ஐந்நூறு பேர் வந்தார்கள், அவர்களுக்குக் கொடுத்த இடம்தான் புக்கிட் சீனா என்று மலாக்கா அரசர்களின் வரலாறு சொல்லும் பழைய மலாய் நூலான செஜாரா மெலாயு சொல்கிறது. மலாக்காவில் அவர் பெயரில் கிணறும் இருக்கிறது. ஆனால் மிங் அரச ஏடுகளில் அப்படி ஓர் இளவரசி இல்லை. மலாக்கா மன்னர் 1411ல் மனைவியோடும் 540 பேர் கொண்ட பரிவாரத்தோடும் சீனா போனதைக் குறித்து வைத்தவர்கள், பேரரசரின் மகளையே அனுப்பியிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள். தோமே பிரெஸ் வேறு ஒன்று சொல்கிறார். சீனா போய்த் திரும்பிய மலாக்கா அரசரோடு ஒரு சீனக் கப்பல் தலைவன் வந்தான், அவனை மரியாதை செய்ய அவன் மகளை அரசர் மணந்துகொண்டார், அவள் பெரிய குலத்துப் பெண் இல்லை என்கிறார். எனக்கு இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. கதைக்கும் இது இளவரசியைவிட வளமான இடம். அழைத்து வருகிறவனே தகப்பன். கப்பலை விட்டு இறங்கும்போது மகளைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான்.

சரி, ஹங் துவா. துன் தேஜா பகாங் பெண்டஹாராவின், அதாவது தலைமை அமைச்சரின், மகள். அவளைப் பற்றி இரண்டு நூல்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. 1612ஆம் ஆண்டைத் தன் முன்னுரையிலேயே குறிக்கும் செஜாரா மெலாயுவில், அவளைக் கொண்டுவருபவன் ஹங் நாடிம். கேட்பவர் சுல்தான் மஹ்மூட் ஷா. அவளுக்கு ஏற்கெனவே பகாங் சுல்தானோடு நிச்சயம் ஆகியிருந்தது. ஹங் நாடிம் வணிகக் கப்பலில் போய், உடம்புக்கு வாசனைப் பூச்சு தேய்த்துவிடும் ஒரு கிழவியைப் பிடித்து, அவள் மூலம் துன் தேஜாவை இணங்க வைக்கிறான். காதல் என்று அங்கே ஒன்றுமே இல்லை. அதற்கு வெகுகாலம் பின்னால் எழுதப்பட்ட, ஆசிரியர் பெயர் தெரியாத ஹிக்காயாட் ஹங் துவாவில்தான் நீங்கள் கேட்ட கதை வருகிறது. பொய்ப் பழியால் நாடு கடத்தப்பட்ட ஹங் துவா பகாங் போகிறான். அரசர் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன பெண் அங்கே இருக்கிறாள். அவளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுபடி அரண்மனைக்குள் நுழையலாம். அவளுடைய செவிலித்தாயிடம் மகன்போல ஒட்டிக்கொண்டு, வசிய மருந்து வைத்து, தன் மேலேயே அவளுக்குக் காதல் வரவைக்கிறான். அவன்தான் கணவன் என்று நம்பி அவள் கப்பல் ஏறுகிறாள். கடலில் வைத்து, தன்னை அவள் வெறுக்கும்படி மந்திரம் ஓதி, சுல்தானிடம் ஒப்படைத்துவிடுகிறான்.

ஆகவே, நடந்ததற்கு ஆதாரமாக இதைக் காட்ட முடியாது. பழைய நூல் ஆளை மாற்றிச் சொல்கிறது, புதிய நூல் காவியம். ஆனால் அந்தக் காலத்து மக்கள் இப்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "சார், துன் தேஜா அரசரைக் கட்டிக்கிறேன்னு சொன்னது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டாள். ஹிக்காயாட்டைப் பொறுத்தவரை, தெளிந்த மனத்தோடு அவள் சரி என்று சொல்வது எங்குமே இல்லை என்றேன். முதலில் மருந்து, அப்புறம் மந்திரம். அதற்குப் பிறகு இந்தக் கதையை விசுவாசத்தின் உச்சம் என்று மட்டும் சொல்லி என்னால் நடத்த முடியவில்லை. அவனுடைய கடமை உணர்ச்சிதான் அவளுக்கு நேர்ந்த தீங்கின் கருவி. இன்னொன்றையும் கவனியுங்கள். வெறுப்பு மந்திரத்தை எதற்கு ஓதினான்? அவள் காதல் அப்படியே இருந்தால் அரசருக்கு முன்னால் ஆபத்து என்பது ஒரு காரணம். தன் மனமும் அசைந்துவிடும் என்று பயந்தானா? நூல் அதைச் சொல்லவில்லை. நம் கதாசிரியர்களுக்கு அந்தச் சொல்லாத இடம் போதும்.

தடை எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள, செஜாரா மெலாயுவின் தொடக்கத்தில் வரும் ஓர் உடன்படிக்கையைப் படிக்க வேண்டும். சங் சபுர்பா என்ற அரசர் பலெம்பாங் தலைவர் டெமாங் லேபார் டாவுனின் மகளைப் பெண் கேட்கிறார். அவருக்கு முன்பு மணமுடித்த 39 பெண்களுக்கும் தோல் நோய் கண்டிருந்தது. தகப்பன் நிபந்தனை போடுகிறார்: என் வம்சத்தார் எவ்வளவு குற்றம் செய்தாலும் அரசர் அவர்களை அவமானப்படுத்தக் கூடாது. அரசர் பதிலுக்குக் கேட்கிறார்: உங்கள் வம்சத்தார், அரசன் கொடியவனாக இருந்தாலும் அவனுக்குத் துரோகம் செய்யக் கூடாது. மலாய் அரசியலின் அடிப்படை விதியே ஒரு கல்யாணப் பேச்சில் பிறந்ததாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். அரசனுக்கென்று பேசிய பெண்ணைத் தொடுவது அந்த விதியை அதன் பிறந்த இடத்திலேயே வெட்டுவது மாதிரி. அதனால்தான் அங்கே அதன் பெயர் டெர்ஹாகா, அதாவது அரசத் துரோகம். விபச்சாரம் என்பதைவிட அது பெரிய குற்றம். அரண்மனைப் பணிப்பெண்ணோடு தொடர்பு என்ற சந்தேகத்துக்கே ஹங் துவாவுக்கு மரண உத்தரவு வந்தது. செஜாரா மெலாயுவில் அதே குற்றத்துக்காக ஹங் கஸ்தூரி கொல்லப்பட்டபோது, மனைவி மக்களையும் கொன்று, வீட்டுத் தூண் நின்ற மண்ணைக்கூடத் தோண்டிக் கடலில் கொட்டினார்கள். உங்கள் தளபதி தலையை மட்டும் பணயம் வைக்கவில்லை. தன் அம்மாவை, தம்பி தங்கையை, அவர்கள் வாழ்ந்த மண்ணைப் பணயம் வைக்கிறான். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும் என்று காட்டிவிட்டால், அவன் ஒரு நொடி நின்று அவளைப் பார்ப்பதுகூட வாசகருக்குப் படபடப்பாக இருக்கும்.

நடைமுறை விஷயங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் தளபதியும் பெண்ணும் கப்பல் விளிம்பில் நின்று தனியாகப் பேசுகிறார்கள். அது நடக்காது. மணப்பெண்ணைச் சுற்றிச் செவிலித்தாயும் பணிப்பெண்களும் அவள் வீட்டுப் பெரியவர்களும் இருப்பார்கள், திரைக்கு வெளியே அவள் வர மாட்டாள். மேலே சொன்ன இரண்டு நூல்களுமே இதைத் தெரிந்துதான் எழுதியிருக்கின்றன. ஒன்றில் செவிலி, இன்னொன்றில் பூச்சு தேய்க்கும் கிழவி. ஆண் பேசுவது அந்தக் கிழவியிடம், பெண் பேசுவதும் அந்தக் கிழவியிடம். அவள் எதைக் கொண்டுபோய்ச் சொல்கிறாள், எதை விழுங்கிவிடுகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைக் கேட்டால் உங்கள் கதையின் முக்கியமான ஆள் அந்தச் செவிலிதான். அவளுக்குப் பெயர் வையுங்கள். வெற்றிலை இடிக்கிற சாக்கில் அவள் நேரம் கடத்தட்டும், தளபதி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இரண்டு நாள் கழித்து வரட்டும்.

இன்னொன்று காற்று. டிசம்பரில் குவாலா பகாங்கிலிருந்து கப்பல் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், ஆற்று முகத்துவாரங்களில் படகு இறக்கவே அஞ்சுவார்கள். மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்த நேரத்தில் எந்தத் தளபதியும் புறப்பட மாட்டான். சீனாவிலிருந்து வரும் கப்பலென்றால் அந்த வடகிழக்குக் காற்றில்தான் வந்தாக வேண்டும். ஜாவாவிலிருந்து மலாக்கா வர, ஆண்டின் நடுவில் வீசும் தென்கிழக்குக் காற்றுதான் தோது. காற்று திரும்பும்வரை எல்லோரும் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நெருக்கம் வளரக் கடல் பயணத்தைவிட அந்தக் காத்திருப்புதான் இயல்பான இடம். பகாங்கில் நிச்சயம் முடிந்து, பெட்டியெல்லாம் கட்டி வைத்து, வீட்டை விட்டும் போகாமல் புது வீட்டுக்கும் போகாமல் ஒரு பெண் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். காவலுக்கு இவன். டிசம்பரை விட்டுவிடாதீர்கள், கப்பலை மட்டும் ஏப்ரலில் கிளப்புங்கள்.

கடமை வீரன் தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவில் ஒரு பெரிய கதை உண்டு. 1357ல் மேற்கு ஜாவாவின் சுண்டா மன்னர் தன் மகள் டியா பித்தாலோகாவைக் கிழக்கு ஜாவாவின் மஜாபாகித் அரசன் ஹயாம் வுருக்குக்கு மணமுடிக்க அழைத்து வந்து புபாட் திடலில் தங்கினார். அமைச்சர் கஜா மாடா, அவளை மணமகளாக ஏற்காமல், சுண்டா பணிந்ததற்கான திறைப்பொருளாக ஒப்படைக்கச் சொன்னார். சண்டை மூண்டு மன்னரும் கூட வந்தவர்களும் மடிந்தார்கள், இளவரசியும் உயிரை விட்டாள். இதைச் சொல்பவை பின்னால் வந்த நூல்கள். 1365ல் மஜாபாகித் அரண்மனையிலேயே எழுதப்பட்ட நகரகெர்த்தாகமா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால் விவரங்களை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அந்தக் காயம் நிஜம். சுண்டா மக்கள் வாழும் மேற்கு ஜாவாவின் தலைநகரான பண்டுங்கில் ஹயாம் வுருக் பெயரில் ஒரு தெரு வைக்க 2018 வரை ஆனது. இதில் காதல் தோற்றதாக நான் பார்க்கவில்லை. நாட்டின் மேல் வைத்த அளவுகடந்த விசுவாசம் ஒரு பெண்ணைச் சரக்காகப் பார்த்தது. உங்கள் தளபதிக்குள்ளும் இப்படி ஒரு கஜா மாடா இருக்கட்டும், ஆசையோடு அவன்தான் சண்டை போட வேண்டும்.

கடைசியாக, இதையெல்லாம்விட என்னை அதிகம் பாதித்த ஒன்று. அதில் நம் ரத்தமும் கலந்திருக்கிறது. மலாக்காவில் தமிழ் முஸ்லிம் தாய்க்குப் பிறந்தவர் ராஜா காசிம். ரோக்கான் நாட்டு இளவரசிக்குப் பிறந்த தம்பி சிறுவனாக அரியணையில் இருந்தான். 1446ல் தாய்மாமன் துன் அலியின் துணையோடு காசிம் அரண்மனையைப் பிடித்து சுல்தான் முசாபர் ஷா ஆனார். அந்தக் குழப்பத்தில் தம்பி குத்திக் கொல்லப்பட்டான். துன் அலியும் தமிழ் வழியில் வந்தவர், பெண்டஹாராவாக உயர்ந்தார். அப்புறம் கிள்ளான் தலைவர் துன் பேராக் அரண்மனைக்கு வந்தார், மலாய்ப் பிரபுக்கள் அவர் பின்னால் நின்றார்கள். அரசவை இரண்டாகப் பிளந்தது. துன் பேராக்கின் சகோதரி துன் குடு சுல்தானின் மனைவி. பதவியை விட்டுக்கொடுத்தால் என்ன வேண்டும் என்று துன் அலியிடம் கேட்டார்கள். புருவம் நரைத்த அந்தப் பெரியவர், துன் குடுவைக் கேட்டார். சுல்தான் தன் மனைவியை விவாகரத்து செய்தார். விவாகரத்துக்குப் பின் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும் அவள் துன் அலிக்கு மனைவியானாள். 1456ல் துன் பேராக் பெண்டஹாரா ஆனார். 1498 வரை மலாக்காவைத் தாங்கி நின்றவர் அவர்தான். துன் குடுவுக்கும் துன் அலிக்கும் பிறந்த துன் முதாஹிர் பின்னாளில் பெண்டஹாராவாகி, 1510ல் சுல்தானின் ஆணையால் குடும்பத்தோடு வெட்டப்பட்டார்.

இதற்கு மூலம் செஜாரா மெலாயு ஒன்றுதான், அதை எழுதியவர்கள் பெண்டஹாரா வம்சத்தார். ஆகவே துன் பேராக்குக்குச் சாதகமாக எழுதியிருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் தங்கள் வீட்டுப் பெண்ணையே கைமாற்றிய கதையை அவர்கள் புனைய வேண்டிய அவசியம் இல்லை. அதனால் அடிப்படை நிகழ்ச்சியை நான் நம்புகிறேன். கடமை தவறாத தலைவன் என்றால் எனக்கு முசாபர் ஷாதான் நினைவுக்கு வருகிறார். விவாகரத்து சொன்ன பிறகும் இருவரும் ஒரே ஊரில், மசூதி, சந்தை, அரசவைக் கூட்டம் என்று அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். துன் குடு இன்னொருவர் மனைவி, சுல்தானுக்கு அவள் ஹராம். நேற்றுவரை ஒரே பாயில் படுத்தவர்கள். நீங்கள் தேடும் விலக்கப்பட்ட ஈர்ப்பு, கப்பலும் கடலும் இல்லாமல், இங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அவள் அழுதாளா, நிம்மதியானாளா, சகோதரன் முகத்தில் விழித்தாளா? ஏட்டில் இல்லை.

ஓடிப்போகும் முடிவைப் பற்றி: எழுதலாம், தடை இல்லை. ஆனால் ஓடினால் எங்கே? பாசாய், பகாங், சியாம் என்று எந்தத் துறைக்குப் போனாலும் மலாக்கா வணிகன் ஒருவன் இருப்பான். ஓடியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அரசன் அதற்கு விலை கேட்பான், மலாக்காவோடு சண்டை வந்தால் முதலில் இவர்களைத்தான் கொடுப்பான். பின்னால் விட்டுவந்த குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். இவ்வளவையும் தாண்டி ஓடுகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் அவளிடம் அவன் உண்மையைச் சொல்லி, அவள் வாயால் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். மருந்தும் மந்திரமும் இல்லாமல். அந்த ஒரு உரையாடலை நீங்கள் நன்றாக எழுதிவிட்டால் ஓடினாலும் நம்புவேன், ஓடாவிட்டாலும் நம்புவேன். முதலில் செஜாரா மெலாயுவில் துன் குடு வரும் பகுதியை மலாயிலேயே படியுங்கள், சில பக்கங்கள்தான். ஹிக்காயாட்டை அதன் பிறகு எடுங்கள். அடுத்த அத்தியாயம் முடிந்ததும் இங்கேயே போடுங்கள், செவிலி பேசும் இடங்களை மட்டுமாவது பார்த்துச் சொல்கிறேன்.